வளைக்குள் யார் என்று தெரியாமல் விஷம் வைக்காதீர்கள்

ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. காம்பவுண்டு ஓரம் நாலு வாழையும் ஒரு முருங்கையும் வைத்திருப்பவர்கள், வாசலில் பத்துக்குப் பத்து கொரியன் புல் விரித்திருப்பவர்கள், வீட்டுக்குப் பின்னால் கால் காணி தென்னை வைத்திருப்பவர்கள், எல்லோரும் இந்த வாரமே ஒருமுறை குனிந்து மண்ணைப் பாருங்கள். வளைகள் தெரியும். மழை பெய்து வளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால், உள்ளே இருப்பவை மேடு தேடிக் கிளம்பும். அந்த மேடு உங்கள் வீடுதான். அதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. ஆனால் செய்யவே கூடாத வேலை ஒன்றும் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வளையைக் கண்டதும் விஷம் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.

நம்மில் பெரும்பாலோர் செய்வது அதைத்தான். தெருமுனைக் கடையில் போய் நின்று "எலி மருந்து ஒண்ணு குடுங்க" என்கிறோம். எலியா பெருச்சாளியா, தோட்டத்திலா வீட்டுக்குள்ளா, குழந்தை இருக்கிறதா, நாய் வளர்க்கிறீர்களா என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பிஸ்கட் பாக்கெட்டுக்கும் ஷாம்பு சரத்துக்கும் நடுவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துச் சில்லறையோடு சேர்த்து நீட்டுகிறார். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போனால்கூட யாருக்கு, என்ன வயது என்று கேட்பார்கள். ஓர் உயிரைக் கொல்லும் பொருளுக்கு நம் ஊரில் அந்தக் கேள்விகூட கிடையாது. கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த வளைக்குள் இருப்பது யார்?

நம் தோட்டங்களில் மண்ணைக் கிளறும் உயிர்கள் ஒரு டஜனுக்கு மேல் உண்டு. அவற்றில் உண்மையிலேயே நஷ்டம் செய்பவை நாலைந்துதான். தலைவர் பெருச்சாளி. நன்கு வளர்ந்தது ஒரு கிலோ வரை எடை வரும். சாக்கடை ஓரம், செப்டிக் டேங்க் மூடியை ஒட்டி, காம்பவுண்டுச் சுவரின் அடிக்கல்லுக்குக் கீழே என்று இடம் பார்த்துத் தோண்டும். முஷ்டி நுழையும் அளவுக்கு வாய் அகலமாக இருக்கும். வெளியே கூடைக்கணக்கில் மண் குவிந்திருக்கும். வாசலில் பதித்த பேவர் கற்கள் காரணமில்லாமல் ஒரு பக்கம் இறங்கினால், கொத்தனாரைத் திட்டுவதற்கு முன் கல்லைப் பெயர்த்துப் பாருங்கள்.

அடுத்தது கரம்பை எலி. வயல்களை மனைகளாக்கி வீடு கட்டியிருக்கும் புறநகர்ப் பகுதிகளில் இதுதான் அதிகம். வளையைத் தோண்டி, பொலபொலவென்ற மண்ணை வாயருகே குவித்து, உள்ளே போனதும் அதே மண்ணால் வாயை அடைத்துக்கொள்ளும். அதனால் பல பேர் அதை எறும்புப் புற்று என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சர்க்கரைவள்ளி, மரவள்ளி, தென்னங்கன்றின் குருத்து எல்லாம் இதற்கு விருந்து. டெல்டாவில் அறுவடை சமயத்தில் இதன் வளையை வெட்டினால் உள்ளே நெற்கதிர்கள் அடுக்கி வைத்த மாதிரி கிடக்கும். வறண்ட செம்மண் பூமிகளில் வெள்ளெலி. அதன் வளைக்கு வாய்கள் பல. ஒன்றில் மருந்து வைத்தால் மற்றொன்றில் வெளியேறிவிடும்.

வளையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வயல் வேலை தெரிந்த எல்லோருக்கும் பழக்கமானது. மாலை வெயில் தாழ்ந்ததும் தோட்டத்தில் தெரியும் அத்தனை வளை வாய்களையும் ஈர மண்ணால் மூடி, காலால் மிதித்துவிடுங்கள். மறுநாள் காலை காபி குடிப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். திறந்திருப்பவைதான் குடியிருக்கும் வளைகள். மற்றவை காலி வீடுகள். வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம். இருபது வளை இருக்கிறதே என்று பதறுகிறவர்கள் இதைச் செய்து பார்த்தால் பெரும்பாலும் மூன்று நாலுதான் மிஞ்சும்.

இனி மூஞ்சூறுக்கு வருகிறேன். இந்த அப்பாவிக்காக யாரும் வக்காலத்து வாங்குவதில்லை. நீண்டு கூர்மையான மூக்கு, பொட்டு போன்ற கண், சுவரை ஒட்டியே ஓடும் ஓட்டம், கீச்கீச் சத்தம், கூடவே ஒரு வீச்சம். எலி போலத் தெரிந்தாலும் இது எலி இனமே அல்ல. கரப்பான், பூச்சி, புழு ஆகியவைதான் இதன் உணவு. உங்கள் துணியை வெட்டாது, அரிசி மூட்டையைக் கடித்துக் கிழிக்காது. ராத்திரி முழுக்க உங்களுக்காகக் கரப்பான் பிடிக்கும் வேலையாள் அது. பிள்ளையாரின் காலடியில் கல்லில் செதுக்கி வைத்து, சதுர்த்திக்குக் கொழுக்கட்டை படைத்துவிட்டு, மறுநாள் அதற்கே விஷ வடை வைக்கிறோம். பக்தியைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் இது நஷ்டம்தான்.

புல்தரையில் நடக்கும் கதை வேறு. அங்கே சேதம் செய்பவை இரண்டு. ஒன்று பிள்ளைப்பூச்சி. முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி மாதிரி அகன்றிருக்கும். மேல் மண்ணுக்குச் சற்றுக் கீழே சுரங்கம் வெட்டிக்கொண்டே போகும். புல்லின் மீது விரலளவு வரம்புகள் வளைந்து வளைந்து தெரிந்தால் இதுதான். சந்தேகம் இருந்தால், ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு மேசைக்கரண்டி கலந்து, ஒரு சதுர மீட்டர் பரப்பில் மெதுவாக ஊற்றிவிட்டு அங்கேயே உட்காருங்கள். சில நிமிடங்களில் புல் லேசாக அசையும். பழுப்பு நிறத் தலை ஒன்று எட்டிப் பார்க்கும், பிறகு உடம்பை இழுத்துக்கொண்டு முழுதாக மேலே வரும். எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வந்தால் எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்; மைனாவுக்கும் செம்போத்துக்கும் அது காலை உணவு. பத்து இருபது என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று வேர்ப்புழு. திட்டுத்திட்டாகப் புல் மஞ்சளடித்து, கையால் பிடித்து இழுத்தால் பாய் சுருட்டுவது போலப் புல் மொத்தமாகக் கையோடு வந்துவிடும். அடியில் வேரே இருக்காது. வெண்ணிறமாக, தலை பழுப்பாக, உடம்பை வளைத்துக்கொண்டு புழுக்கள் கிடக்கும். கோடை மழை முதலில் பெய்யும் அந்தியில் வேப்ப மரத்தையும் முருங்கையையும் மொய்க்கும் பழுப்பு வண்டுகளின் பிள்ளைகள் இவை. அப்போதே கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட்டிருந்தால் இன்று புல் போயிருக்காது. இதை நிலக்கடலைச் சம்சாரிகள் வழிவழியாகச் செய்கிறார்கள். பங்களாத் தோட்டக்காரர்கள் செய்வதில்லை. மக்காத சாணியைக் கொண்டுவந்து கொட்டுவதும் வண்டுகளை முட்டையிட வாருங்கள் என்று அழைப்பதுதான். நன்றாக மக்கிய எருவையே போடுங்கள். எருவோடு வேப்பம் பிண்ணாக்கு சேர்த்துக்கொள்ளலாம். புழு மிஞ்சினால், வேளாண் கடைகளில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணம் கிடைக்கும். எருவில் கலந்து ஈரத்தோடு இட்டால் அது புழுவை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

புல்லின் மேல் சின்னச் சின்ன உருண்டைகளாக மண் குவிந்திருந்தால் அது மண்புழு எச்சம். கையெடுத்துக் கும்பிடுங்கள். அழகு கெடுகிறது என்று அதற்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தாழ்வாரத்துப் பொடி மண்ணில் புனல் வடிவக் குழிகள் தெரிந்தால் அது குழியானை. எறும்பு தின்னும் பூச்சி. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அழிக்காதீர்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, மண்ணுக்குள் சுரங்கம் தோண்டும் 'மோல்' வந்துவிட்டது என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பிராணி தமிழ்நாட்டிலேயே கிடையாது. அதை விரட்ட என்று விற்கும் சத்தக் குச்சிகளையும், எலி விரட்ட என்று விற்கும் சத்தக் கருவிகளையும் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். எலிக் கருவிகளின் மீயொலி சுவரை ஊடுருவாது. எலிக்கும் சில நாளில் பழகிப்போகும்.

இனி விஷத்தைப் பற்றி. இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள்.

பிஸ்கட்டிலும் தக்காளியிலும் தடவி வைக்கும் எலிப்பசை என்பது மஞ்சள் பாஸ்பரஸ். எலிக்கு மட்டும் விஷம் என்று ஒரு விஷம் உலகத்தில் இல்லை. இந்தப் பசையின் குரூரம் அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. வாயில் பட்ட அன்றைக்கு வாந்தி, வயிற்று வலி. அதன் பிறகு ஓரிரு நாள் ஒன்றுமே தெரியாது. பிள்ளை எழுந்து விளையாடும், சாப்பிடும். பெற்றவர்கள் கடவுளுக்கு நன்றி சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். உள்ளே கல்லீரல் கரைந்துகொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாள் கண் மஞ்சளாகும்போது நிலைமை கைமீறியிருக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. தமிழ்நாட்டு அரசு இந்தப் பசைக்குத் தடை அறிவித்ததற்குக் காரணம், எலிகளை விட மனிதர்களை அது அதிகமாக மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்ததுதான். தடைக்குப் பிறகும் யாராவது உங்களிடம் அதை விற்க வந்தால் வாங்காதீர்கள். விலை குறைவு என்று வாங்கிப் பரணில் வைக்காதீர்கள். குழந்தையின் கைக்கு எட்டாத இடம் என்று ஒன்று எந்த வீட்டிலும் கிடையாது. மனம் உடைந்த ஒரு நிமிடத்தில் பெரியவர்களின் கைக்கும் அது எட்டும். வீட்டில் விஷம் இல்லாதிருந்தால் கடந்து போயிருக்கும் நிமிடம் அது. அப்படிப்பட்ட பாரம் யாருக்காவது இருந்தால் 104-ஐ அழையுங்கள்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இதைவிட மோசம். தானியக் கிடங்குகளுக்கு என்று வந்த பொருள். காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறும். வளைக்குள் போட்டு மண்ணை மூடினால் எலி செத்துவிடும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். வளை எங்கே போய் முடிகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? அடுக்களைத் தரைக்குக் கீழே முடிந்தால்? பயிற்சி பெற்றவர்களும் அரசு அமைப்புகளும் மட்டுமே கையாளலாம் என்று சட்டம் கட்டுப்படுத்தியிருக்கும் பொருள் அது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நச்சைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். இரவில், தூக்கத்தில் சுவாசித்த நச்சு அது. இந்தச் செய்தியைப் படித்த பிறகும் ஆட்களை வரவழைத்து என்ன மருந்து என்று கேட்காமல் வேலை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கேளுங்கள். மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரைப் படியேற்றாதீர்கள்.

புரோமடியோலோன் கட்டிகள் பாதுகாப்பானவை என்று சொல்வார்கள். ஒப்பிட்டால் உண்மைதான், ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் அந்த மருந்துக்கு வைட்டமின் கே என்ற மாற்று உண்டு. ஆனால் அதைத் தின்ற எலி சாக நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் அது தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும். கூகை அதைத் தூக்கும், பூனை பிடிக்கும், சாரைப்பாம்பு விழுங்கும். விஷம் கைமாறும். எலிகளைத் தின்னும் உயிர்களைக் கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டது என்று அழுவதில் அர்த்தமில்லை. ஒரு பெட்டை எலி சுமார் மூன்று வாரத்தில் ஆறு முதல் எட்டு குட்டி போடும். அந்தக் குட்டிகள் சில மாதங்களில் தாயாகும். கூகை அப்படிப் பெருகாது.

புல்தரையில் குருணை மருந்தைத் தூவும் தோட்டக்காரர்களுக்கும் இதே சொல்தான். ஃபோரேட் குருணை 2020 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. இன்னும் எங்கோ மூலையில் பழைய பை கிடந்தால் அதைப் பிரிக்காதீர்கள். காலையில் உங்கள் வீட்டுக் குழந்தை வெறுங்காலோடு ஓடுவது அந்தப் புல்லின் மீதுதான்.

அப்படியானால் எலியை என்னதான் செய்வது? சாப்பாட்டை நிறுத்துங்கள். இதுதான் முக்கால் பங்கு வேலை. நாய்க்கு வைத்த சோற்றுத் தட்டை இரவில் எடுத்துவிடுங்கள். கோழித் தீவனத்தை மூடியுள்ள டின்னில் வையுங்கள். விழுந்த கொய்யா, மாங்காயைக் காலையிலேயே பொறுக்குங்கள். தென்னை மட்டைக் குவியல், மிஞ்சிய செங்கல், உடைந்த தொட்டி, 'எப்போதாவது உதவும்' என்று சுவரோரம் சாத்தி வைத்த பலகை ஆகிய அனைத்தும் எலிகளுக்கு நீங்கள் இலவசமாகக் கட்டிக் கொடுத்த குடியிருப்புகள். டெல்டாவில் வரப்பைச் சிறிதாக வெட்டுவது இதே காரணத்துக்காகத்தான். மேடு அகலமாக இருந்தால்தானே வளை தோண்ட முடியும். சாக்கடைக் குழாயின் வாயில் கம்பி வலை போடுங்கள். காலி வளைகளை ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடையுங்கள். வெறும் மண் போட்டால் பிறகு வரும் எலி எளிதாகத் திறந்துவிடும்.

பிறகு கூண்டு. புதுப் பொருளைக் கண்டால் எலி சந்தேகப்படும். எனவே முதல் இரண்டு மூன்று நாள் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, மசால் வடையோ கருவாடோ தேங்காய்ச் சில்லோ போட்டுப் பழக்குங்கள். நாலாம் நாள் பொறியை ஏற்றுங்கள். ஒன்று மாட்டியதும் கூண்டைக் கழுவி வெயிலில் காய வையுங்கள். மாட்டியதை அடுத்த தெருவில் விட்டுவிட்டு வருவது அறமல்ல, உங்கள் தொல்லையை இன்னொருவர் தலையில் கட்டுவது. கொல்வதென்றால் சித்திரவதை இல்லாமல் முடியுங்கள். பசை அட்டை வேண்டவே வேண்டாம். அணிலும் பல்லியும் தவிட்டுக்குருவியும் அதில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் துடிப்பதைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை வாங்கமாட்டார்கள். இடம் பெரிதாக இருந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிட்டி வைப்பவர்களைக் கூப்பிடுங்கள். மூங்கிலை வளைத்துச் செய்த அந்தக் கண்ணி நொடியில் வேலையை முடிக்கும், விஷம் எதுவும் மண்ணில் தங்காது. செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் இருளர்கள் இருக்கிறார்கள். எந்த வளை உயிருள்ளது, எந்த வாய் பின்வாசல் என்று மண்ணைப் பார்த்தே சொல்லும் திறமை அவர்களுடையது. அழைத்தால் உரிய கூலி கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். தோப்பு வைத்திருப்பவர்கள் ஆங்காங்கே டி எழுத்து வடிவில் கம்பு நட்டால் கூகை வந்து உட்காரும். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் நீங்கள் மட்டும் செய்தால் பாதி பலன்தான். எலிக்குக் காம்பவுண்டுச் சுவர் ஒரு பொருட்டல்ல. பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். தெரு முழுக்க ஒரே வாரத்தில் குப்பை அகற்றிக் கூண்டு வைத்தால் மழைக்காலம் நிம்மதியாகப் போகும். வாய்க்கால் ஓரத்து மின்வேலிகளைப் பற்றி ஒரே வரி: எலிக்கென்று மின்சாரக் கம்பி கட்டுவது கொலைக்குச் சமம். விடியலில் தண்ணீர் பாய்ச்ச வருகிறவர் உங்கள் சொந்த அண்ணனாகவும் இருக்கலாம்.

கடைசியாகப் பாம்பு. பாம்பு வளை தோண்டாது; எலி தோண்டியதில் குடியேறும். அதனால் எந்த வளைக்குள்ளும் கையை விடாதீர்கள். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தாதீர்கள், கொதிநீர் ஊற்றாதீர்கள். சாரை தெரிந்தால் விலகி நில்லுங்கள்; விஷமில்லாதது, உங்கள் எலிகளைத் தின்ன வந்தது, அதைக் கொல்வது வனவுயிர்ச் சட்டப்படி குற்றமும்கூட. நாகமோ விரியனோ வீட்டருகே தெரிந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், கடிபட்டவரை நடக்க விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தோட்டத்தில் வேலை செய்யும்போது செருப்பும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் காலில் இருக்கும் வெடிப்பு வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல் வரும். மழை முடிந்த வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், தோட்டத்தில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது எலி மருந்தை வாயில் வைத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட 108-ஐ அழையுங்கள். பால், நெய், எண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்காதீர்கள். மருந்து வந்த பெட்டியையோ உறையையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்பது தெரிந்தால்தான் மருத்துவர் என்ன சிகிச்சை என்று முடிவு செய்ய முடியும்.